சும்மா இருக்கும் கைப்பேசி யாரோடு பேசுகிறது?

கேஎல் சென்ட்ரலில் கொமூட்டர் ஏறினால் கிள்ளானுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். கைப்பேசி பைக்குள் கிடக்கிறது. திரை அணைந்திருக்கிறது, பாட்டு ஓடவில்லை, யாரும் அழைக்கவும் இல்லை. அங்காசாபுரி, பந்தாய் டாலாம், சுபாங் ஜெயா, ஷா ஆலம், புக்கிட் பாடாக் என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன. கிள்ளானில் இறங்குவதற்குள் அந்தக் கைப்பேசி, வைத்திருப்பவருக்குத் தெரியாமலே, பதினைந்து பதினாறு முறை இணையத்தில் யாரோடோ பேசி முடித்திருக்கும்.

இந்த எண்ணிக்கை ஒரு நீதிமன்ற ஆவணத்திலிருந்து வருகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2019ஆம் ஆண்டு கூகுள்மீது ஒரு வழக்கு தொடுக்கப்பட்டது. புதிய சாம்சங் கேலக்ஸி எஸ்7 ஒன்றில் புதிய கூகுள் கணக்கைத் திறந்து, எந்த அமைப்பையும் மாற்றாமல், கைபடாமல் வைத்துப் பார்த்ததில், அது ஒரு நாளில் 8.88 எம்பி மொபைல் டேட்டாவைச் செலவழித்தது என்றார்கள் வாதிகள். அதில் 94 சதவீதம் கூகுளோடு நடந்த பரிமாற்றம். 24 மணி நேரத்தில் சுமார் 389 முறை அந்தப் பேச்சு நடந்திருக்கிறது.

2025 ஜூலை 1 அன்று சான் ஹோசே நகரில் நடுவர் குழு தீர்ப்பளித்தது. அந்த மாநிலத்தின் ஆண்ட்ராய்டு பயனர்கள் சுமார் 1.4 கோடி பேருக்காக கூகுள் 31 கோடியே 46 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்றது. கைப்பேசி பேசவே கூடாது என்று வாதிகள் கேட்கவில்லை. இந்தப் பரிமாற்றங்களில் பல அவசரமில்லாதவை, வைஃபை கிடைக்கும்வரை காத்திருந்திருக்கலாம், அப்படி வடிவமைக்க கூகுளால் முடியும், ஆனாலும் மக்கள் காசு கொடுத்து வாங்கிய டேட்டாவிலேயே அனுப்பினார்கள் என்பதுதான் அவர்களின் முறையீடு. பயன்பாட்டு விதிமுறைகளில் பயனர் ஒப்புக்கொண்டதுதான் இது, பாதுகாப்புக்கும் நம்பகத்தன்மைக்கும் இந்தச் சேவைகள் தேவை என்று வாதிட்ட கூகுள், தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வதாகச் சொன்னது.

இதே கேள்வியை ஆய்வுக்கூடத்தில் எழுப்பியவர் டப்ளின் டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத். கூகுள் பிக்சல் ஒன்றையும் ஐஃபோன் ஒன்றையும் அருகருகே வைத்து அவர் 2021இல் அளந்தார். இரண்டுமே சராசரியாக 4.5 நிமிடத்துக்கு ஒருமுறை தம் நிறுவனத்தின் சர்வரோடு தொடர்பு கொண்டன. அளவில்தான் வேறுபாடு. சும்மா கிடந்த 12 மணி நேரத்தில் பிக்சல் கூகுளுக்கு அனுப்பியது சுமார் 1 எம்பி; ஐஃபோன் ஆப்பிளுக்கு அனுப்பியது சுமார் 52 கேபி. அளந்த முறையே தவறு என்று கூகுள் மறுத்தது. அதே ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் சாம்சங், ஷாவ்மி, ஹுவாவே, ரியல்மீ கைப்பேசிகளையும் ஆராய்ந்தார். கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவில் அடுக்கி வைத்திருக்கும் அதே பிராண்டுகள். இவை சும்மா இருக்கும்போதும், தயாரித்த நிறுவனத்துக்கும், முன்கூட்டியே ஏற்றப்பட்ட செயலிகளுக்குச் சொந்தக்காரர்களான பிற நிறுவனங்களுக்கும் கணிசமான தகவலை அனுப்புகின்றன என்பது அந்த ஆய்வின் முடிவு.

நாளுக்கு 8.88 எம்பி என்றால் மாதத்துக்கு 266 எம்பி. 100 ஜிபி திட்டம் வைத்திருப்பவருக்கு அது கடலில் கரைத்த பெருங்காயம். சில ஜிபி மட்டுமே உள்ள வாரப் பாஸை டாப்-அப் செய்து ஓட்டுபவருக்குச் சற்றே உறுத்தும். ஆனால் இரண்டு பேருக்குமே, “ஒண்ணுமே பாக்கல, டேட்டா எப்படித் தீர்ந்துச்சு?” என்ற கேள்விக்கு இது முழு விடை ஆகாது. பின்னணியில் ஓடும் டேட்டா இரண்டு வகை. ஒன்று, கைப்பேசி உயிர்ப்போடு இருக்க ஓயாமல் நடக்கும் சிறு பேச்சு. மற்றது, நமக்காக வேறு யாரோ முடிவெடுத்து இறக்கிவைக்கும் பெரிய சுமை. முதலாவதை நிறுத்தப் போனால் கைப்பேசி ஊமையாகும். இரண்டாவதை நிறுத்தினால் கோட்டா மிஞ்சும்.

பேச்சு ஏன் ஓய்வதில்லை?

கைப்பேசிக்கும் கோபுரத்துக்கும் இடையே நடப்பது ஒரு தனிக் கணக்கு. ரயில் நகர நகரக் கைப்பேசி அருகிலுள்ள கோபுரங்களை அளந்து தனக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கிறது. ஒரு வட்டாரத்தைத் தாண்டும்போது, தான் இப்போது எங்கே இருக்கிறது என்று நெட்வொர்க்குக்குத் தெரிவிக்கிறது. அழைப்பு வந்தால் எங்கே தேடுவது என்று நெட்வொர்க் அறிந்திருப்பது இதனால்தான். இந்தச் சமிக்ஞைகள் கோட்டாவில் சேர்வதில்லை.

கோட்டாவில் சேர்வது அதற்கு மேல் அடுக்கில் நடக்கும் இணையப் பேச்சு. அது ஓயாமல் நடக்க ஒரு முக்கியக் காரணம் முகவரிப் பஞ்சம். ஐபிவி4 எனப்படும் பழைய இணைய முகவரி முறையில் இருப்பது மொத்தமே 429 கோடி முகவரிகள். உலகத்துக் கைப்பேசி, கணினி, கேமரா எல்லாவற்றுக்கும் அது போதாது. அதனால் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஏராளமான கைப்பேசிகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. எந்தத் தொடர்பு எந்தக் கைப்பேசியுடையது என்று நிறுவனத்தின் கருவி ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. சில நிமிடம் ஒரு தொடர்பில் அசைவே இல்லையென்றால் அந்த வரி அழிக்கப்படும். அழிந்த பிறகு, வெளியே இருக்கும் சர்வரால் அந்தக் கைப்பேசியைக் கண்டுபிடிக்க முடியாது. நாமாகத் திறந்து பார்க்கும்வரை செய்தி வராது. இதைத் தவிர்க்கக் கைப்பேசி அவ்வப்போது சில பைட்டுகளை அனுப்பித் தொடர்பை உயிரோடு வைத்துக்கொள்கிறது.

ஒவ்வொரு செயலியும் தனித்தனியே இப்படிச் செய்தால் என்ன ஆகும் என்பதை ஜப்பான் பார்த்துவிட்டது. 2012 ஜனவரி 25 அன்று என்டிடி டொகோமோ நிறுவனத்தின் நெட்வொர்க் டோக்கியோவில் தடுமாறி, சுமார் 25 லட்சம் வாடிக்கையாளர் பாதிக்கப்பட்டார்கள். ஆண்ட்ராய்டு செயலிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருந்த கட்டுப்பாட்டுச் சமிக்ஞைகளின் நெரிசலையே நிறுவனம் காரணமாகச் சுட்டியது. அதைக் குறைக்க உதவும்படி கூகுளையும் கேட்டுக்கொண்டது. இத்தனைக்கும் அங்கே ஓடியது பெரிய வீடியோ எதுவும் இல்லை. சின்னச் சின்னப் பேச்சுகளின் எண்ணிக்கையே ஒரு மாநகரத்தின் நெட்வொர்க்கை மண்டியிட வைத்தது.

இதற்கு மாற்று அப்போதே இருந்தது. ஆப்பிள் 2009 ஜூனிலும் கூகுள் 2010இலும் ‘புஷ்’ எனப்படும் பொதுவழியை அறிமுகப்படுத்தியிருந்தன. கொண்டோமினிய வாசலில் காவலர் எல்லா வீட்டுப் பார்சலையும் வாங்கி வைத்துக்கொண்டு உரியவருக்கு மட்டும் மணி அடிப்பதைப் போன்ற ஏற்பாடு இது. கைப்பேசிக்கும் ஆப்பிள் அல்லது கூகுள் சர்வருக்கும் இடையே ஒரே ஒரு தொடர்பு திறந்திருக்கும். வங்கி, வாட்ஸ்அப், கிராப் என்று எல்லாருடைய அறிவிப்பும் அதன் வழியாகவே வரும். ஓர் அறிவிப்பின் உச்ச அளவு சுமார் 4 கேபி. நாளுக்கு 300 அறிவிப்பு வந்து, ஒவ்வொன்றும் முழு அளவில் இருந்தாலும் மொத்தம் 1.2 எம்பிதான்.

இதில் டேட்டாவைவிட அதிகம் அடி வாங்குவது பேட்டரி. ஒரு சிறு செய்தி போனாலும் 4ஜி ரேடியோ விழித்துக்கொள்கிறது. செய்தி போன பிறகும், அடுத்து ஏதாவது வருமா என்று பத்து வினாடி அளவுக்கு விழித்தபடியே காத்திருக்கிறது. இதனால்தான் 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6, ‘டோஸ்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. கைப்பேசி அசையாமல் கிடக்கும்போது செயலிகளின் வேலைகளைச் சேர்த்துவைத்து, இடையிடையே திறக்கும் குறுகிய நேரத்தில் எல்லாவற்றையும் மொத்தமாக முடிக்கும் முறை அது. இரவில் மேசைமேல் கிடக்கும் கைப்பேசி பகலைவிட அடக்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கோட்டா எங்கே கரைகிறது?

முதல் சந்தேகம் வாட்ஸ்அப் மேல் விழ வேண்டும். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது படங்களைத் தானாக இறக்கிக்கொள், வைஃபையில் இருக்கும்போது எல்லாவற்றையும் இறக்கிக்கொள் என்பது அதன் இயல்பான அமைப்பு. குடும்பக் குழு, கோயில் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் குழு, தாமான் குடியிருப்பாளர் குழு என்று நான்கைந்தில் இருப்பவருக்குக் காலை வணக்கப் படங்களே விடியுமுன் வரிசை கட்டும். ஒரு படம் 150 கேபி என்றும் நாளுக்கு 200 படம் என்றும் வைத்துக்கொண்டால் 30 எம்பி. மாதத்துக்கு 900 எம்பி. யாரோ ஒருவர் வீடியோவுக்கும் தானியங்கி இறக்கத்தைத் தட்டி வைத்திருந்தால், தீபாவளி வாரத்தில் கணக்கு பல மடங்காகும். வாட்ஸ்அப்பிலேயே ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’ பகுதிக்குப் போனால், படங்களுக்கும் அழைப்புகளுக்கும் ஸ்டேட்டஸுக்கும் எவ்வளவு செலவானது என்ற பட்டியல் இருக்கிறது. அதைப் பார்த்தவர்கள் பலரும் அடுத்த நிமிடமே தானியங்கி இறக்கத்தை நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவது, காப்புப் பிரதி. கல்யாண வீட்டில் எடுத்த 300 படமும் 20 வீடியோவும் கூகுள் ஃபோட்டோஸுக்கோ ஐகிளவுடுக்கோ ஏற வேண்டும். மொபைல் டேட்டாவில் ஏற்றலாமா என்று எப்போதோ ஒரு பெட்டி எழுந்து, அவசரத்தில் ‘சரி’ என்று தட்டியிருந்தால், மண்டபத்திலிருந்து வீடு திரும்பும் வழியிலேயே பல ஜிபி போயிருக்கும். வாட்ஸ்அப் உரையாடல்களின் காப்புப் பிரதிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூன்றாவது, செயலிகளின் புதுப்பிப்பு. நான்காவது, முன்கூட்டியே இறக்குதல். டிக்டாக் போன்ற செயலிகளில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தடுத்த வீடியோக்கள் இறங்கத் தொடங்கிவிடுகின்றன. விரலால் தள்ளியதும் சுணக்கமில்லாமல் ஓட வேண்டுமே! தள்ளாமல் மூடிவிட்டால் இறங்கியது வீண். இலவச விளையாட்டுகள் விளம்பர வீடியோக்களை இப்படித்தான் முன்னமே கொண்டுவந்து வைத்துக்கொள்கின்றன.

ஐந்தாவது குற்றவாளி கைப்பேசிக்குள் இல்லவே இல்லை. ஃபைபர் இணைப்பு இல்லாத வாடகை அறையில் தங்கியிருக்கும் மாணவர், பாடம் முடிக்கக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியை இணைக்கிறார். கணினியைப் பொறுத்தவரை அது ஒரு வைஃபை. வைஃபை என்றால் அள்ளிக்கொள்ளலாம் என்று எண்ணி, விண்டோஸ் தன் புதுப்பிப்பை இறக்கத் தொடங்கும்; ஒன்டிரைவ் கோப்புகளை ஏற்றத் தொடங்கும். மலேசியாவில் ‘அன்லிமிட்டெட்’ என்று விற்கப்படும் பல திட்டங்களில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி வரம்பு இருப்பதால், அடி நேராக அங்கே விழும். விண்டோஸின் வைஃபை அமைப்பில் அந்த இணைப்பை ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்று குறித்துவைத்தால் பெரும்பாலான புதுப்பிப்புகள் காத்திருக்கும். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட்டில் இன்னொரு ஆண்ட்ராய்டை இணைக்கும்போது இந்தத் தொல்லை குறைவு. முகவரி கொடுக்கும்போதே, இது காசு வாங்கும் இணைப்பு என்ற குறிப்பையும் ஆண்ட்ராய்டு சேர்த்து அனுப்பிவிடுகிறது.

கணக்கு எழுதுவது யார்?

எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று கைப்பேசிக்கு எப்படித் தெரிகிறது? ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். ஒரே கணினியைப் பலர் பயன்படுத்த இடம் தரும் லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. ஆண்ட்ராய்டு அதை எடுத்து ஒவ்வொரு செயலிக்கும் ஒரு பயனர் எண் கொடுத்துவிட்டது. வெளியே போகும், உள்ளே வரும் ஒவ்வொரு பொட்டலத்தையும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அந்த எண்ணின் பெயரில் எழுதிவைக்கிறது. அப்போது செயலி திரையில் இருந்ததா, பின்னணியில் இருந்ததா என்பதையும் பிரித்தே எழுதுகிறது.

அதனால் செட்டிங்ஸில் டேட்டா பயன்பாட்டுப் பகுதிக்குப் போய் ஒரு செயலியைத் தட்டினால் ‘ஃபோர்கிரவுண்ட்’, ‘பேக்கிரவுண்ட்’ என்று இரண்டு எண்கள் தெரியும். முதலாவது பெரிதாக இருந்தால் அது நம் கைவேலை. இரண்டாவது பெரிதாக இருந்தால்தான் விசாரணை தேவை. இந்தக் கணக்கில் ஒரு சிக்கலும் உண்டு. பிற செயலிகளுக்காக ‘கூகுள் பிளே சர்வீசஸ்’ செய்யும் வேலை அதன் பெயரிலேயே விழும். அந்த எண் சற்றுப் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பதறி அதை முடக்கினால் அறிவிப்புகள் எல்லாமே நின்றுபோகும்.

ஆண்ட்ராய்டு மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து எண்ணலாம். உங்கள் பாஸ் 17ஆம் தேதி தொடங்கியிருக்கலாம். சுழற்சித் தேதியை மாற்றி வைத்தால்தான் இரண்டு கணக்கும் ஒத்துவரும். ஐஃபோனில் நாமாகப் பட்டியலின் அடியில் உள்ள ‘ரீசெட்’ பொத்தானைத் தட்டும்வரை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த எண்ணைப் பார்த்து மலைத்தவர்கள் பலர். டாப்-அப் செய்யும் நாளிலேயே அதையும் ரீசெட் செய்வது நல்ல பழக்கம்.

வேகம் கூடினால் பசியும் கூடும்

மலேசியாவில் 4ஜி 2013 ஜனவரி 1 அன்று மேக்ஸிஸ் வழியாக முதலில் வந்தது கிள்ளான் பள்ளத்தாக்கின் சில பகுதிகளுக்குத்தான். 2021 டிசம்பர் 15 அன்று டிஜிட்டல் நேஷனல் பெர்ஹாட் 5ஜியைத் தொடங்கியதும் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவில்தான். அந்த மாதத்தோடு நாட்டின் 3ஜி சேவைக்கும் மூடுவிழா நடந்தது. நாட்டிலேயே வேகமான நெட்வொர்க்கை முதலில் அனுபவிப்பவர்கள் இந்த வட்டாரத்து மக்கள்.

வேகத்துக்கும் பின்னணி டேட்டாவுக்கும் என்ன தொடர்பு? கைப்பேசிகள் இணைப்புகளை இரண்டு வகையாகப் பிரிக்கின்றன: காசு எண்ணும் இணைப்பு, எண்ணாத இணைப்பு. மொபைல் டேட்டா என்றால் எண்ணும் வகை, வைஃபை என்றால் எண்ணாத வகை என்பது பழைய விதி. 5ஜி வந்ததும் இந்தக் கோடு மங்கியது. 2020இல் வந்த ஐஃபோன் 12 முதல் ‘அலவ் மோர் டேட்டா ஆன் 5ஜி’ என்ற தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் வீடியோவின் தரம் உயரும், ஐஓஎஸ் புதுப்பிப்பும் ஐகிளவுடு காப்புப் பிரதியும் மொபைல் டேட்டாவிலேயே நடக்கும். அதே ஆண்டு வந்த ஆண்ட்ராய்டு 11, மொபைல் இணைப்பையே தற்காலிகமாக எண்ணாத வகை என்று குறிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு வழி செய்தது. உண்மையிலேயே வரம்பற்ற திட்டம் வைத்திருப்பவருக்கு இவை வசதி. வேக வரம்பும் நியாயப் பயன்பாட்டு வரம்பும் உள்ள திட்டத்தில், மாதக் கடைசியில் வாட்ஸ்அப் படம்கூட வட்டமடித்து நிற்கும்போதுதான் விலை தெரியும்.

இதன் மறுபக்கம், வைஃபையில் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கும்போது மொபைல் டேட்டா போவது. 2015இல் ஐஓஎஸ் 9 கொண்டுவந்த ‘வைஃபை அசிஸ்ட்’, வைஃபை மந்தமானால் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும். அந்த ஆண்டே அமெரிக்காவில் இதற்காக ஆப்பிள்மீது வழக்குப் போட்டார்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் இதே போன்ற தேர்வு உண்டு. பேரங்காடியின் ஓரத்தில், வைஃபை வந்தும் வராமலும் இருக்கும் மேசையில் உட்கார்ந்து படம் பார்ப்பவர்கள் இதை அணைத்து வைப்பது நல்லது.

என்ன செய்யலாம்?

முதலில் ஒரு பழக்கத்தை விட வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாச் செயலிகளையும் மேலே தள்ளி மூடுவது டேட்டாவை மிச்சப்படுத்தாது. அறிவிப்புகள் பொதுவழியில் வந்துகொண்டேதான் இருக்கும். மூடிய செயலியை மறுபடி திறக்கும்போது, தன் பக்கங்களையும் படங்களையும் அது புதிதாக இறக்க நேரிடலாம்.

செயலிகளை மூடுவதைவிட, அவை எப்போது பேசலாம் என்று விதி வைப்பது பயன் தரும். அந்த விதியின் பெயர் ஆண்ட்ராய்டில் ‘டேட்டா சேவர்’. 2016இல் ஆண்ட்ராய்டு 7உடன் வந்தது. இதைப் போட்டால், திரையில் இல்லாத செயலி எதுவும் மொபைல் டேட்டாவைத் தொட முடியாது. வைஃபை வந்ததும் வேலையைத் தொடரும். பெரும்பாலான கைப்பேசிகளில் பிளே சர்வீசஸுக்கு விதிவிலக்கு இருப்பதால் அறிவிப்புகள் வரும். பையில் வைத்துக்கொண்டு மின்னல் எஃப்எம்மையோ ராகாவையோ இணையத்தில் கேட்பவர்கள் கவலைப்பட வேண்டாம். நாமே தொடங்கி ஓடிக்கொண்டிருக்கும் ஒலிபரப்பை டேட்டா சேவர் நிறுத்தாது. அதன் செலவும் குறைவுதான்: 64 கேபிபிஎஸ் ஒலிக்கு மணிக்கு 29 எம்பி. ஐஃபோனில் இதற்கு ஈடானது 2019இல் ஐஓஎஸ் 13உடன் வந்த ‘லோ டேட்டா மோட்’. 2013 முதலே இருக்கும் ‘பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ்’ என்பதை வைஃபைக்கு மட்டும் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து வாட்ஸ்அப்பில் மொபைல் டேட்டாவுக்கான தானியங்கி இறக்கத்தை முழுமையாக நீக்குங்கள். படம் வேண்டுமென்றால் தட்டினால் போதும். பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோர், கூகுள் ஃபோட்டோஸ், ஐகிளவுடு நான்கிலும் ‘வைஃபையில் மட்டும்’ என்று மாற்றுங்கள். டிக்டாக், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஒவ்வொன்றிலும் சொந்த டேட்டா சேவர் இருக்கிறது. முன்கூட்டி இறக்குவதையும் தானாக ஓடுவதையும் அது கட்டுப்படுத்தும். இந்த மூன்று வேலைக்கும் சேர்த்து பத்து நிமிடம் ஆகாது.

வீட்டில் வைஃபையே இல்லாதவர்கள், புதுப்பிப்புகளை ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத கைப்பேசியில் வங்கிச் செயலி வைத்திருப்பது ஆபத்து. தானியங்கியை அணைத்துவிட்டு, வாரம் ஒருமுறை நம்பிக்கையான வைஃபை கிடைக்கும் இடத்தில் நாமாகப் புதுப்பித்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்த வழி.

எதைத் தடுக்கக் கூடாது?

சிக்கனம் தலைக்கேறி எல்லாச் செயலிகளின் பின்னணி டேட்டாவையும் அடைப்பவர்களும் உண்டு. மலேசியாவில் அதன் விளைவு உடனே தெரியும். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் வழி ஓடிபியிலிருந்து பாதுகாப்பான முறைகளுக்கு மாறும்படி வங்கிகளைப் பணித்தது. இப்போது பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்யும் கேள்வி வங்கியின் செயலிக்குள் வருகிறது. அந்தச் செயலியின் வாயை அடைத்துவிட்டால், ஜாலான் துன் சம்பந்தனில் சேலைக் கடைக் கல்லாவின் முன்னால் நின்றுகொண்டு வராத அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். செயலியைக் கையால் திறந்தால் அனுமதிக் கோரிக்கை தெரியும் என்பது அந்த நேரத்தில் பலருக்கும் தோன்றாது. கிராப், ஃபுட்பாண்டா ஓட்டுநர்களுக்குப் பின்னணி டேட்டா பிழைப்பு. அவர்கள் டேட்டா சேவரின் விதிவிலக்குப் பட்டியலில் அந்தச் செயலிகளைச் சேர்க்க வேண்டும். தனியாக இருக்கும் பெற்றோரின் கைப்பேசியில், பிள்ளைகள் அழைக்கும் செயலிக்கும் அதே சலுகை வேண்டும்.

வெளிநாட்டுப் பயணத்தில் விதி தலைகீழாகும். திருச்சியிலோ சென்னையிலோ விமானம் இறங்கியதும் கைப்பேசியை இயக்கினால், முதலில் ஓடுவது அதுவரை தேங்கிய பின்னணி வேலைகளே. முதல் சில கேபி போனதுமே ஒரு நாள் ரோமிங் பாஸ் தானாகத் தொடங்கிவிடும் திட்டங்களும் உண்டு. கேஎல்ஐஏவில் விமானம் ஏறும் முன்பே டேட்டா ரோமிங்கை அணைத்து, இறங்கிய பின் தேவை முடிவான பிறகு போடுவது பணத்தைக் காக்கும்.

கடைசியாக, பின்னணிக் கணக்கு ஒரு நோய்க்குறியும்கூட. பெயரே நினைவில்லாத ஒரு டார்ச் செயலியோ இலவச விபிஎன்னோ மாதம் 3 ஜிபி பின்னணியில் தின்றால், அதற்கு நல்ல காரணம் இருக்க வாய்ப்பில்லை. ஹோலா என்ற பிரபலமான இலவச விபிஎன், தன் பயனர்களின் இணைப்பை வேறு வாடிக்கையாளர்களுக்கு விற்றது 2015இல் அம்பலமானது. ஊர்பேர் தெரியாதவர்களின் இணையப் போக்குவரத்து நம் கோட்டாவில் ஓடியது என்று பொருள். வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே கோப்பைத் தட்டி நிறுவியவர்களின் நிலை இதைவிட மோசமாகலாம். அப்படி ஏதும் கண்ணில் பட்டால் இணைப்பைத் துண்டித்து, செயலியை நீக்கி, பணம் போயிருந்தால் உடனே 997 என்ற தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண்ணை அழைக்க வேண்டும்.

இவ்வளவும் பயனர் செய்யக்கூடியவை. ஆனால் தீர்ப்பு வந்த அந்த வழக்கு எழுப்பிய கேள்வி பயனரைப் பற்றியதே அல்ல. பெட்டியைத் திறந்த நாளில் எல்லா அமைப்பும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அதை யார் முடிவு செய்தது என்பதுதான் கேள்வி. வரம்பற்ற இணைப்பில் அமர்ந்து வடிவமைப்பவருக்கு 8.88 எம்பி கண்ணில் படாது. வாரப் பாஸில் ஓட்டுபவருக்குப் படும். மலேசியாவில் குளிர்சாதனப் பெட்டி வாங்கினால், ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்று எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர லேபிள் சொல்கிறது. கைப்பேசிப் பெட்டியின்மேல் கேமராவின் மெகாபிக்சல் இருக்கிறது, பேட்டரியின் அளவு இருக்கிறது. சும்மா இருக்கும்போது நாளுக்கு எத்தனை எம்பி செலவாகும் என்ற ஒரு வரி இல்லை. அளப்பது கடினமில்லை என்று டப்ளின் ஆய்வுக்கூடம் காட்டிவிட்டது. தொடர்பு பல்லூடக ஆணையமான எம்சிஎம்சி அந்த ஒரு வரியைக் கேட்டாலே போதும். தயாரிப்பாளர்கள் எதை வைஃபை வரும்வரை காத்திருக்க வைக்கலாம் என்று தாங்களாகவே யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள்.